நாலு சுவருக்குள் ஓர் அழுகுரல்

அக்காவின் பின்னலை நான் அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"மெதுவாடி. தலையையே கழட்டிடுவ போலிருக்கு," என்றாள் ஹாவிஸ்.

பிரசவ அறையில் ஒரு முடிச்சுகூட இருக்கக் கூடாது என்பது மருத்துவச்சி கோல்டாவின் கட்டளை. பின்னல், இடைவார், திரைச்சீலைக் கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்தாயிற்று. பெட்டிகளின் மூடிகூடத் திறந்து கிடந்தது. வீட்டில் எது கட்டியிருந்தாலும் பிள்ளை வரும் வழியும் கட்டிக்கொள்ளும் என்பாள். கீழே முற்றத்தில் ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். தாயிடமிருந்து பிரித்து அடைத்த குட்டிகள் காலையிலிருந்து ஓயாமல் கத்தின.

"எல்லா முடிச்சையும் அவுத்தாச்சு," என்று அக்கா சிரித்தாள். "உன் அத்தானோட வாயை மட்டும்தான் இன்னும் அவுக்க முடியல."

அவள் சாதாரணமாகப் பேசிய கடைசிப் பேச்சு அது. அப்புறம் வலி வந்துவிட்டது.

போன வாரம் படித்தவர்களுக்கு மீதி தெரியும். பெண் குழந்தை. ஒரு தரம் அழுதது. கோல்டா அதன் நெற்றியில் தண்ணீர் தெளித்து, எங்கள் அம்மாவின் பெயரான மாபெல் என்று பெயர் சொன்னாள். குழந்தை பால் குடிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அதுவும் போயிற்று, அக்காவும் போய்விட்டாள். இரண்டு பேரையும் ஒரே குழியில் வைத்தோம்.

அறுவடை முடிந்த பிறகு, நிலம் யாருக்கு என்று விசாரிக்க மன்னரின் நில அதிகாரி எங்கள் பிறந்த ஊரான ஆஷ்மியருக்கு வந்தார். அந்த ஒரு நாளைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் அப்பா சர் ரேனால்டுக்கு ஆண் பிள்ளை கிடையாது. அவர் போனதும் நிலம் எங்கள் இருவருக்கும் பிரிந்தது. தலைமை வீடு மூத்தவளுக்கு என்பது வழக்கம். அதனால் ஆஷ்மியர் ஹாவிஸுக்குப் போயிற்று. எனக்கு டன்ஸ்கோட். அது சுண்ணாம்புப் பாறை மேட்டில், நிழலுக்கு ஒரு மரமில்லாத ஊர்.

இப்போது அக்காவும் இல்லை. ஆஷ்மியர் யாருக்கு?

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பிறந்த வீட்டு நிலத்தோடு வந்த மனைவி இறந்துபோனால், அவளுக்கு உயிரோடு ஒரு பிள்ளை பிறந்திருந்தால் போதும். அந்தப் பிள்ளை அப்போதே இறந்திருந்தாலும் கணவன் தன் ஆயுள் முழுக்க நிலத்தை வைத்துக்கொள்ளலாம். உயிரோடு பிறக்கவில்லை என்றால் அவன் வெளியேற வேண்டியதுதான். நிலம் உடனே மனைவியின் வாரிசுக்கு வரும். இங்கே வாரிசு நான்.

பிள்ளை உயிரோடு பிறந்ததா என்பதற்கு நாலு சுவருக்குள் அது அழுத சத்தம்தான் அத்தாட்சி. அதை ஆண்கள் கேட்டிருக்க வேண்டும். பிரசவ அறைக்குள் ஆண்கள் நுழையக் கூடாது என்பதும் அதே வழக்கம்தான். அறைக்குள் இருந்த கோல்டாவின் பேச்சும் என் பேச்சும் குழந்தையைக் கோயிலில் புதைக்கப் பாதிரியாருக்குப் போதும். மன்னரின் விசாரணைக்குப் போதாது.

அதிகாரி வந்த அன்று காலை, ஆஷ்மியர் வீட்டு விருந்தாளி அறையில் என் கணவர் வாரின் பூட்ஸ் மாட்டிக்கொண்டே பேசினார்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்."

"பேசினாலும் எடுத்துக்க மாட்டாங்களே."

"அதைத்தான் சொல்றேன். உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. யாரும் கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கறது ஒரு பாவமா?"

"ஐவோ அத்தான் எங்க போவாரு?"

"அவன் அண்ணன் வீட்டுக்கு. வரும்போது என்ன கொண்டுவந்தான்? ஒரு குதிரை, ஒரு போர்வை. ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போகட்டும். நான் தடுக்க மாட்டேன்."

"அவரு காலத்துக்கு அப்புறம் எப்படியும் நமக்குத்தானே வருதுங்க."

"அவன் என்னைவிட எட்டு வயசு சின்னவன். நல்லாச் சாப்பிடறான், நல்லாத் தூங்கறான். அவன் காலத்துக்கு அப்புறம்னா நம்ம எலும்புதான் ஆஷ்மியருக்கு வந்து சேரும்." பூட்ஸ் வாரை இழுத்து இறுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "தூக்கத்துல இந்தக் குளத்தைப் பத்தி உளர்றது நானா, நீயா?"

நான்தான். அதை மறுக்க முடியாது.

டன்ஸ்கோட்டில் தண்ணீர் ஆழக் கிணற்றிலிருந்து வரும். வாயில் வைத்தால் சுண்ணாம்பு வாசம் அடிக்கும். அதைக் குடிக்கும்போதெல்லாம் ஆஷ்மியர் குளம் நினைவுக்கு வரும். தவக்காலத்தில் விலாங்கு பிடிக்கக் கூடை இறக்குவார்கள். நானும் ஹாவிஸும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் நிற்போம். அப்பா கரையில் நின்று, "தண்ணிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரனோடது, கண்ணால பாருங்க. இந்தப் பக்கம் நம்மது, கையால தொடுங்க," என்பார். நாங்கள் உடனே குனிந்து புல்லைத் தொடுவோம். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த விலாங்கை வெங்காயத்தோடும் மிளகோடும் மாவுக்குள் வைத்துச் சுடுவார்கள். அப்பா மேல் ஓட்டை உடைத்ததும் வரும் ஆவிக்காக நாங்கள் இருவரும் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மேட்டு ஊரில் விலாங்கு ஏது?

கூடத்துக்குப் போனேன். அத்தான் ஐவோ ஓட்ஸ் ரொட்டியை முன்னால் வைத்துக்கொண்டு பிய்க்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா இறந்ததிலிருந்து அவர் தாடியை வெட்டவில்லை.

"இடோனியா, ஒண்ணு கேக்கணும்."

அவராக வாயைத் திறந்து கேட்டதே எனக்கு ஆச்சரியம்.

"அன்னிக்கு நான் கோயில்ல முட்டி போட்டுக்கிட்டு இருந்தேன். அங்க இருந்தா நல்லதுன்னு பாதிரியார் சொன்னாரு. ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் ஆயிடுச்சு. குழந்தையைத் துணியில சுத்தி வச்சிருந்தாங்க. முகத்தைப் பாத்துட்டேன். குரலைத்தான் கேக்கல."

நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"கோல்டாகிட்ட கேட்டேன். அழுதுச்சு அழுதுச்சுங்கறா. எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் சொல்லுவா போலிருக்கு. நீ சொல்லு. எப்படி இருந்துச்சு அவ குரல்?" ரொட்டியைத் தள்ளி வைத்தார். "நிலத்துக்காகக் கேக்கறேன்னு நினைச்சுக்காத. இதுல லாபம் எனக்கு. நான் என்ன சொன்னாலும் தள்ளிடுவாங்கன்னு எனக்கும் தெரியும்."

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் வாரின் வந்து நின்றார்.

"போகலாமா? அதிகாரி வந்துட்டாராம்."

விசாரணை நடக்கவிருந்த கோயிலுக்குப் போகும் வழியில் தர்ஸ்டன் எங்களோடு சேர்ந்துகொண்டார். ஊரிலேயே பெரிய, சொந்த நிலமுள்ள சுதந்திரக் குடியானவர். அன்றைக்கு ஊர் சார்பில் பிரமாணம் எடுத்துப் பதில் சொல்லப்போகும் பன்னிரண்டு பேருக்குத் தலைவர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவர். வாரினை நாலடி முன்னால் போக விட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"சின்னம்மா, அந்த மேட்டு ஊர்ல என்னத்தை சாப்பிடறீங்க? பாதியா ஆயிட்டீங்க."

"ஆட்டுக்கறிதான், தர்ஸ்டன். காலையிலயும் ஆடு, சாயந்தரமும் ஆடு."

"அதான் முகம் அப்படி ஆயிடுச்சு." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கவலைப்படாதீங்க. நாங்க எல்லாரும் பேசிட்டோம்."

"என்ன பேசினீங்க?"

"பெரிய துரை உக்காந்த நாற்காலியில எங்கேயோ மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன் உக்கார்றதா? நல்ல மனுசன்தான், குறை சொல்லல. ஆனா நாளைக்கே இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டு வருவான். அவ நம்ம குளத்துல துணி அலசுவா. எங்களுக்கு ரேனால்டு துரை பொண்ணு வேணும். அன்னிக்கு ஆட்டுக்குட்டி போட்ட இரைச்சல்ல யாருக்கு என்ன கேட்டிருக்கும், சொல்லுங்க?"

கண்ணைச் சிமிட்டிவிட்டு முன்னால் போய்விட்டார்.

அன்றைக்கு நடந்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முடிச்சுகளை அவிழ்க்கச் சொல்லி கோல்டா கத்தியது முற்றம் வரைக்கும் போயிருந்தது. ஆட்டுப் பட்டியைக் கவனிக்கும் ஹாமோ அதைக் கேட்டுவிட்டு, நல்லது செய்கிறோம் என்று நினைத்து, பட்டியின் தட்டிகளைக் கட்டியிருந்த கயிறுகளையும் அவிழ்த்துவிட்டான். தட்டிகள் சாய்ந்தன. குட்டிகள் எல்லாம் பாய்ந்து தாய்களைத் தேடிக்கொண்டு ஓடின. கத்தரித்தது, கத்தரிக்காதது, குட்டி, கிடா எல்லாம் கலந்துபோயிற்று. அவனைத் திட்டாத ஆள் இல்லை. ஆனால் தாயைக் கண்டுபிடித்த குட்டி கத்தாது, பால் குடிக்கும். கொஞ்ச நேரத்தில் முற்றம் முழுக்க அப்படி ஓர் அமைதி.

அந்த அமைதியில்தான் மாபெல் அழுதாள்.

நான் ஜன்னல் பலகையைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கீழே தர்ஸ்டன் இரண்டு கையாலும் ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். ஆட்டை விட்டுவிட்டுக் குல்லாயைக் கழற்றினார். எங்கள் ஊர்ப்பக்கம், அப்போது பிறந்த பிள்ளையின் குரல் கேட்டால் ஆண்கள் அப்படித்தான் செய்வார்கள்.

கோயிலுக்குள் நல்ல கூட்டம். அதிகாரிக்கு அறுவடைத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, ஓயாமல் தும்மினார். பன்னிரண்டு பேரும் சுவிசேஷப் புத்தகத்தின் மேல் கை வைத்துப் பிரமாணம் செய்தார்கள். நான் பெண்கள் பக்கம் தூணோரமாக நின்றேன். என் காலடிக்குச் சற்று தள்ளித்தான் ஹாவிஸைப் புதைத்த இடத்துக் கல். அதன் ஓரத்துச் சுண்ணாம்பு இன்னும் வெளுப்பாகவே இருந்தது.

நிலம் எவ்வளவு, மேய்ச்சல் எவ்வளவு, ஆலை எத்தனை, எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அதிகாரி நிமிர்ந்தார்.

"அந்த அம்மாவுக்குப் பிள்ளை பிறந்ததா?"

"பிறந்துச்சுங்க," என்றார் தர்ஸ்டன்.

"அது நாலு சுவருக்குள்ளே அழுததை யாராவது கேட்டீங்களா?"

தர்ஸ்டன் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு ரோமம் கத்தரிக்கிற நாளுங்க. ஆட்டுக்குட்டிச் சத்தம்னா அப்படி ஒரு சத்தம்..."

ஐவோ எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, எழுத்தரைப் பார்க்கவில்லை. தர்ஸ்டனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலம் போகப்போகிறதே என்று பார்க்கிற பார்வை இல்லை அது. எனக்கு அது தெரிந்தது.

தர்ஸ்டன் இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆஷ்மியர் எனக்கு. குளம், விலாங்குக் கூடை, ஹாவிஸும் நானும் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கும் ஜன்னல் திண்டு எல்லாம் எனக்கு. அக்காவுக்கு உயிரோடு பிள்ளையே பிறக்கவில்லை என்றும் எழுதிவிடுவார்கள்.

"தர்ஸ்டன்," என்றேன்.

கோயில் முழுக்கத் திரும்பியது. வாரின் மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மணி, இந்த விஷயத்தில் பெண்கள் சாட்சி செல்லாது," என்றார் அதிகாரி.

"சாட்சி சொல்லலைங்க. எங்க ஊர்க்காரர்கிட்ட ஒரு கேள்வி கேக்கறேன், அவ்வளவுதான். தர்ஸ்டன், அன்னிக்கு ஜன்னலைப் பாத்துக் குல்லாயைக் கழட்டினீங்களே. எதுக்கு?"

அவர் முகம் சிவந்துபோயிற்று.

"சின்னம்மா, உங்களுக்காகத்தானே..."

"தெரியும். எதுக்குக் கழட்டினீங்க?"

அவர் கை தானாகத் தலைக்குப் போயிற்று. கோயிலுக்குள் வந்ததால் அங்கே குல்லாய் இல்லை. வெறும் தலையைத் தடவிக்கொண்டார்.

"வெயில்னு சொல்லலாம்னு பாக்கறேன்," என்றார். "புத்தகத்து மேல கை வச்சுட்டேனே." அதிகாரியின் பக்கம் திரும்பினார். "குட்டிங்க அப்ப கத்தலைங்க. இந்த ஹாமோ, அறிவுகெட்டவன், பட்டியைத் திறந்துவிட்டுட்டான். எல்லாம் பால் குடிக்கப் போயிடுச்சுங்க. அப்பத்தான் மேலேருந்து கேட்டுச்சு. கேட்டேங்க. இதோ இவங்கள்ல அஞ்சாறு பேரும் கேட்டாங்க."

"நீங்க நின்னது முற்றத்தில். நாலு சுவருக்குள்ளே இல்லையே."

"அழுதது நாலு சுவருக்குள்ளங்க. நான்தான் வெளிய நின்னேன். உள்ள விட மாட்டாங்களே."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி தும்மினார்.

"ஆட்டுக்குட்டியோட குரல் இல்லைன்னு எப்படித் தெரியும்?"

தர்ஸ்டன் யோசித்தார்.

"குட்டி கத்தினா பசியில கத்தும்ங்க. இது கோபம். எங்க பெரிய துரை, ரேனால்டு துரை, காலையில எழுந்ததும் பூட்ஸை எங்க வச்சேன்னு ஒரு அதட்டல் போடுவாரு. வீடே நடுங்கும். சத்தியமா அதே அதட்டல்ங்க. சின்னதா. நான் பயந்துபோய் ஆட்டை விட்டுட்டேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அந்த அதட்டலைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

எனக்கும் அந்த அழுகை அப்படித்தான் கேட்டிருந்தது. இத்தனை நாளாக அதற்கு ஒரு பெயர் தெரியாமல் இருந்தேன்.

ஐவோ தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கோபமா இருந்துச்சா," என்று பக்கத்தில் யாருமில்லாத இடத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாங்க," என்றார் தர்ஸ்டன். "ரொம்பக் கோபம்."

எழுத்தரின் பேனா ஓடத் தொடங்கியது.

வெளியே வந்ததும் தர்ஸ்டன் என்னைத் தாண்டிப் போனார். நின்றார். "வீட்டைத் தூக்கி வெளியூர்க்காரன் கையில குடுத்துட்டீங்களே, சின்னம்மா," என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். அவருக்கு என் மேல் கோபமா, தன் மேல் கோபமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாரின் குதிரையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"திட்டுங்க," என்றேன்.

"எதுக்கு? உண்மையைத்தானே சொல்ல வச்ச. அதுக்காக நான் கைதட்டணும்னு இல்லையே." ஏறி உட்கார்ந்தார். "நான் கிளம்பறேன். உனக்குக் குதிரை அனுப்பினா வா."

"அனுப்பலைன்னா?"

கடிவாளத்தைச் சுருட்டிக் கையில் பிடித்தார்.

"குளம் இருக்கே. பாத்துக்கிட்டு இரு."

ஆற்றுப் பாலம் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் போனார். பாலத்தின் மேல் குதிரை ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு அதுவும் நகர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நான் ஆஷ்மியர் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், விருந்தாளியாக. நடுவில் அடுப்பு எரிந்தது. பணிப்பெண் விருந்தாளிக்கு வைக்கும் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் பிறந்த வீட்டில் அந்தக் கிண்ணத்தில் அதற்கு முன் நான் குடித்ததில்லை.

ஐவோ எதிரே உட்கார்ந்தார். அப்பாவின் நாற்காலியில் இல்லை, பெஞ்சில்.

"எப்ப வேணும்னாலும் நீ இங்க வரலாம்," என்றார்.

"தெரியும், அத்தான்."

"வாரின் ஆள் அனுப்புவாரா?"

"தெரியல."

வெளியே காற்று திரும்பியது. கூரை ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்த புகை தயங்கி, சுருண்டு, எங்கள் மேலேயே இறங்கியது. அவர் இருமினார். நானும் இருமினேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இந்தக் கூடத்தை யாரு கட்டினது?" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"தாத்தாவோட அப்பா."

"அவருக்குப் புகைன்னா ரொம்பப் பிடிக்குமோ?"

அக்கா போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

அந்தக் கூடத்தில் பிறகு யார் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், பலகை வைத்துப் பார்த்தார்கள். மேற்குக் காற்று அடித்தால் புகை கீழேதான் இறங்குகிறது.